அஞ்சலை தேர்ந்தெடுத்த ஸ்டீயரிங்

ஆண்டிமடத்தில் முந்திரி வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது மருமகன் போன் செய்தார். "அத்தை, அம்மா போயிட்டாங்க" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. விக்கிரமங்கலத்தில் இருக்கும் என் வீட்டுக்குப் போகாமல், பஸ் மாறி நேரே கொள்ளிடக் கரையில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

அஞ்சலை என் சம்பந்தி. என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். கணவர் இறந்த பிறகு பரிசலில் தனியாகப் போய் வலை போட்டுக் குடும்பத்தைக் கரையேற்றியவர். இதெல்லாம் அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும். நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு படகு வாங்கிய கதை பலருக்குத் தெரியாது.

சத்துணவு அமைப்பாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்தேன். அவருடைய பரிசல் கிழிந்துபோயிருந்தது. ஒரு நாள் பேரனைப் பார்க்கப் போன இடத்தில் கேட்டார்: "சம்பந்தி, ஆளுக்குப் பாதி போட்டு எஞ்சின் வச்ச பைபர் படகு ஒண்ணு வாங்குவமா? நான் வலையப் பாத்துக்கறேன், நீங்க ஓட்டுங்க." விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்தேன். மறு வாரமே நாகப்பட்டினம் போய் விசாரித்துவிட்டு வந்து நின்றார்.

படகு முடிவாகிவிட்டது. அதை எப்படித் திருப்புவது என்பதில்தான் சண்டை வந்தது. எஞ்சினிலேயே நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியைப் பிடித்து ஓட்டலாம். இல்லையென்றால் கார் போல நடுவில் ஸ்டீயரிங் வைத்து, கேபிள் மூலம் எஞ்சினைத் திருப்பலாம். அஞ்சலைக்குக் கைப்பிடிதான் வேண்டும். கொள்ளிடத்தில் எங்கே பார்த்தாலும் மணல் மேடு. ஓட்டுகிறவர் எஞ்சின் பக்கத்திலேயே இருந்தால்தான் மேடு வரும்போது அதைச் சட்டென்று தண்ணீருக்கு மேலே தூக்க முடியும். ஸ்டீயரிங் வைத்தால் வலை போடும் இடமும் போய்விடும் என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் கைப்பிடியை இடக் கையால் பிடிக்க வேண்டும். பள்ளிக்கூடச் சமையலறையில் வழுக்கி விழுந்து முறிந்த என் இடது முழங்கை பிறகு சரியாகவே இல்லை.

"பழகிட்டா சரியாப் போயிடும் சம்பந்தி."

"ஒங்களுக்குப் போயிடும். எனக்குப் போவாது."

இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டோம். நடுவில் மாட்டிக்கொண்டவள் என் மகள். "ஒரு படகுக்காக என் வூட்டுல சண்டைய இழுத்து வுட்டுடாதீங்கம்மா" என்று போனில் அழுதாள். அன்று எனக்குப் படகே வேண்டாம் என்று ஆகிவிட்டது.

மறுபடி என்னைத் தேடி வந்தவர் அஞ்சலைதான். "வாங்க, ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுவம்" என்று கூட்டிப் போனார். நாகப்பட்டினத்துக் கடைக்காரத் தம்பி பொறுமையானவர். எண்ணெய் அழுத்தத்தில் திரும்பும் ஸ்டீயரிங் ஒன்றையும் காட்டி, "இது பெரிய எஞ்சினுக்குங்கம்மா, உங்களுக்குத் தேவையில்ல" என்று அவரே ஒதுக்கினார். கழிமுகத்தில் முதலில் கைப்பிடி வைத்த படகை ஓட்டினேன். எஞ்சினின் அதிர்வு முழங்கை வழியாகத் தோளுக்கு ஏறியது. இடம் மாறி உட்கார்ந்து வலக் கையால் பிடித்துப் பார்த்தேன். உடம்பைத் திருகிக்கொண்டுதான் ஓட்ட முடிந்தது. கரைக்கு வருவதற்குள் விரல்கள் மரத்துவிட்டன. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அஞ்சலை, அடுத்த படகில் நான் ஏறுவதற்கு முன்பே கடைக்காரரிடம் திரும்பினார்: "தம்பி, ஸ்டீயரிங்கே போட்டுடுங்க."

"அப்ப மேடு வந்தா?" என்றேன்.

"நான் பின்னால ஒக்காந்துக்கறேன். நீங்க ஓட்டுங்க, நான் தூக்கறேன்."

"வலை?"

"அது என் பாடு."

அப்படியே செய்தார். குறைந்துபோன இடத்துக்குத் தக்கபடி வலையை மடிக்கும் முறையையே மாற்றிக்கொண்டார். ஸ்டீயரிங் கட்டையில் வலை மாட்டும்போது அதைத் திட்டுவார். என்னை ஒரு முறைகூடச் சொல்லிக்காட்டியதில்லை.

போன வருஷம் ஒரு காலை நேரம், வலையை இழுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நெஞ்ச அடைக்குது" என்றார். முகமெல்லாம் வியர்வை. வலையை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் படகைத் திருப்பினேன். எஞ்சினைத் தூக்க ஆள் இல்லை. மேட்டில் ஏறினால் அங்கேயே நின்றுவிடுவோம். அவர் படுத்தபடியே விரலை மட்டும் தூக்கி இடமா வலமா என்று காட்டிக்கொண்டு வந்தார். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்து அந்த விரலைப் பார்த்தே ஓட்டினேன். கரையிலிருந்து ஆட்டோவில் அரியலூர் ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டார். கைப்பிடி எஞ்சினாக இருந்திருந்தால் இந்த முழங்கையோடு நான் அவரைக் கொண்டுவந்து சேர்த்திருக்கவே மாட்டேன். எனக்காக அவர் விட்டுக்கொடுத்தது அவருக்கே உதவியது. அதைச் சொன்னபோது, "அன்னைக்கு ஒங்க மூஞ்சியப் பாக்க சகிக்கல, அதான்" என்று சிரித்தார்.

அதன் பிறகு ஒரு வருஷம் கிடைத்தது. பேத்தி பிறந்ததைப் பார்த்தார். வலை இழுக்காவிட்டாலும் படகில் வந்து உட்கார்ந்தார். அதே நெஞ்சுதான் இப்போது அவரைக் கொண்டுபோய்விட்டது.

சம்பந்தி முறைக்குக் கோடித் துணி எடுத்துப் போட்டேன். படகை இனி என் மகளோடு ஓட்டப்போகிறேன். ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது படகு அல்ல. ஊரில் நான் அமைப்பாளரம்மா. வீட்டில் அம்மா, அத்தை, ஆயா. படகு வாங்கிய புதிதில் ஒரு நாள் அஞ்சலை பின்னாலிருந்து, "வசந்தா! மேடு!" என்று கத்தினார். நான் திரும்பிப் பார்த்தேன். "பின்ன என்ன, சம்பந்தியம்மான்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள மேட்டுல ஏறிடுவோம்" என்றார். அன்றிலிருந்து கரையிலும் வசந்தாதான். என் பெற்றோருக்குப் பிறகு யாரும் கூப்பிடாமல் கிடந்த பெயர் அது. அறுபது வயதில் அதை எனக்குத் திருப்பிக் கொடுத்தார். அது என்னிடம் இருக்கிறது, அஞ்சலை.