அம்பரீனின் மூன்றாவது கேள்வி

ஆம்பூர் பஜாரில் ஷூ லேஸும் பசை டப்பாவும் விற்கிற கடைக்கு மாடியில் அம்பரீனின் கம்ப்யூட்டர் கடை. படிக்கட்டு மகா குறுகல். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர், சரிசெய்ததை வாங்கிக்கொண்டு இறங்குகிறவரை நடுவில் சந்தித்தால் ஒருவர் பின்பக்கமாகவே திரும்ப நடந்தாக வேண்டும். அப்படியும் ஆட்கள் ஏறுகிறார்கள். மற்ற கடைக்காரர்கள் கைவிரித்த பெட்டிகளை அம்பரீன் எழுப்பி உட்காரவைத்துவிடுவாள் என்று ஊருக்குத் தெரியும்.

மந்திரம் ஒன்றுமில்லை, லினக்ஸ்தான். கம்ப்யூட்டரை இயக்குகிற அடிப்படை மென்பொருள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்படி ஆளாளுக்கு மாற்றி மாற்றி இன்று அதில் நூற்றுக்கணக்கான வகைகள் ஆகிவிட்டன. "அதுல எதும்மா பெஸ்ட்டு?" என்று யாராவது கேட்டால் போதும், அம்பரீனுக்கு மூக்கின் மேல் கோபம் வந்துவிடும்.

"தோல் ஒண்ணுதாங்க. அதுலயே பூட்ஸும் தெக்கலாம், செருப்பும் தெக்கலாம். பாத்ரூமுக்குப் போறவருக்கு பூட்ஸ் எதுக்கு?"

பிறகு இரண்டு கேள்வி கேட்பாள். யாரு தொடுவாங்க? இன்னா வேலை?

பள்ளிகொண்டாவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு மின்ட் என்ற வகையைப் போட்டுக் கொடுத்தாள். அது பார்ப்பதற்குப் பழைய விண்டோஸ் சாயலிலேயே இருக்கும். மனிதருக்கு ஆறு மாதம் வரை மாறியதே தெரியவில்லை. ஆடிட்டர் ஆபீசுக்கு டெபியன். சட்டென்று எதையும் மாற்றிக்கொள்ளாத நிதானப் பேர்வழி. வேலூரில் படிக்கிற நந்தினிக்கு ஃபெடோரா, புதுக் கருவிகள் சீக்கிரம் வந்து சேரும் என்பதால். அம்பரீனின் சொந்த லேப்டாப்பில் மட்டும் ஆர்ச். அதில் எல்லாமே அன்றன்றைக்கு வந்த புதுசு. ஆனால் வைத்திருப்பவர் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். அதை ஓட்டுவதில் அம்பரீனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அந்தக் கர்வம்தான் போன வருஷம் அவளைச் சந்தியில் நிறுத்தப் பார்த்தது.

ஊருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு பழைய கம்ப்யூட்டர்கள் இருந்தன. புது விண்டோஸை அவை தாங்காது. தூக்கிப் போடுவதற்கு முன் அம்பரீனைக் கூப்பிட்டுப் பார்ப்போம் என்று முதலாளியிடம் பேசி அவளை அழைத்துவந்தவர் நவநீதன், சரக்கு அனுப்பும் பிரிவின் மேனேஜர். அவளுக்கு அது முதல் ஃபேக்டரி வேலை. அதுவரை எந்தக் கம்பெனி வாசலிலும் "லேடீஸா? வேற ஆள் இல்லையா?" என்பதைத் தாண்டி அவளால் உள்ளே போக முடிந்ததில்லை. இது நன்றாக முடிந்தால் மற்ற கம்பெனிகளின் கதவும் திறக்கும். சொதப்பினால் பொழுது சாய்வதற்குள் பேரணாம்பட்டு வரை தெரிந்துவிடும்.

பத்து கம்ப்யூட்டருக்குச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தாள். பதினோராவது, பேக்கிங் ஹாலில் அட்டைப்பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கிறது. "நம்ம செக்‌ஷனுக்கு இருக்கறதுலயே புதுசா போடுங்க மேடம்" என்றார் நவநீதன். வேறு யாராவது சொல்லியிருந்தால் பூட்ஸ் கதை கேட்டிருப்பார்கள். அம்பரீனோ உச்சி குளிர்ந்துபோய் ஆர்ச்சைப் போட்டுவிட்டாள். இரண்டு வாரம் பிரமாதமாக ஓடியது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை. மாலை ஐந்துக்குள் கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும். ஆயிரத்து இருநூறு பெட்டிகள் தயார், லேபிள் மட்டும் பாக்கி. முன்னேற்பாடாக எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வந்த அம்பரீன், சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு, பன்னிரண்டு இருபதுக்கு அந்தக் கம்ப்யூட்டரில் அப்டேட்டை ஓட்டிவிட்டாள்.

பன்னிரண்டரைக்கு ஜும்மா தொழுகைக்குப் பாங்கு கேட்டது. எலக்ட்ரீஷியன் கலீமுல்லா இருபத்திரண்டு வருஷமாகச் செய்வதைச் செய்தார். தொழுகை இடைவேளைக்காக மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தார். தையல் மெஷின், ஃபேன், லைட் எல்லாம் ஒரே மூச்சில் அடங்கின. பேக்கிங் ஹாலில் இருந்த யூபிஎஸ்ஸின் பேட்டரி எப்போதோ உயிரை விட்டிருந்தது.

"அய்யோ, கலீம் பாய்!" என்று அம்பரீன் கத்தியபோது அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு மசூதிக்குப் பாதி வழி போயிருந்தார்.

இத்தனைக்கும் அவள் பிறந்து வளர்ந்தது ஆம்பூரில். வெள்ளிக்கிழமை பாங்கு எப்போது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அவள் வாப்பா வேலை பார்த்த தோல் கிடங்கிலும் அந்த நேரத்துக்கு மெயினை இழுப்பார்கள். தெரிந்தும் கோட்டை விட்டோமே என்று அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. கறுப்புத் திரையில் நாலு வரி வெள்ளை எழுத்து வந்து நின்றது, அவ்வளவுதான். அப்டேட்டைப் பாதி எழுதியும் பாதி எழுதாமலும் நின்றுபோன கம்ப்யூட்டர் எழுந்திருக்க மறுத்தது.

நவநீதன் நேரே கலீமுல்லாவிடம் பாய்ந்தார். "கேட்டுட்டு இழுக்க மாட்டியா? எல்லாம் உன்னால. ஓனரு கேட்டா நீயே பதில் சொல்லு!"

கலீமுல்லா தலைகுனிந்து நின்றார். அம்பரீன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பழி அவர் தலையோடு போயிருக்கும். அவள் பெயருக்கு ஒரு பங்கமும் வந்திருக்காது. ஒரு நொடி அதையும் நினைத்தாள். பொய் சொல்வானேன், நினைக்கத்தான் செய்தாள்.

"அவர் மேல தப்பில்ல சார். கரண்ட்டு நிக்கற எடம்னு தெரிஞ்சும் இங்க இதைப் போட்டது நான். தப்பு என்னுது. இதை ரிப்பேர் பண்ண ஒரு மணி நேரம் ஆவும்."

"மூணரைக்கு இன்னொரு தபா நிறுத்தணுமே மா" என்றார் கலீமுல்லா மெதுவாக. "கம்ப்ரசர் ஸ்டார்ட்டர் மாத்தணும்."

அம்பரீன் தலையில் கை வைத்துக்கொண்டாள். வைத்த கையில் வண்டிச் சாவிக்கொத்து. கொத்தில் ஒரு பென்டிரைவ். அதில் இருந்தது பப்பி லினக்ஸ், நாய்க்குட்டி என்று பெயர் வைத்த பொடி வகை. குற்றுயிராக வரும் கம்ப்யூட்டர்களைச் சோதிக்க மட்டும் வைத்திருந்தாள். பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கும் என்று வாடிக்கையாளர் கண்ணில் காட்டவே கூச்சப்படுவாள். ஆனால் அது தன்னை முழுதாக மெமரிக்குள் ஏற்றிக்கொண்டு ஓடும். சொன்னாலொழிய டிஸ்கில் எதையும் எழுதாது. நடுவில் கரண்டைப் பிடுங்கினாலும் கெட்டுப்போக ஒன்றுமில்லை.

செருகினாள். ஒரு நிமிஷத்தில் திரை வந்தது. கூடவே பழைய ஸ்பீக்கரிலிருந்து "வவ், வவ்" என்று ஒரு சத்தம்.

லேபிள் ஒட்டக் காத்திருந்த கண்ணம்மாள் எகிறிக் குதித்தாள். "இன்னாமா, கம்ப்யூட்டரு குலைக்குது!"

"எழுந்தா அப்படித்தான்கா குலைக்கும். கடிக்காது."

ஹால் முழுக்கச் சிரிப்பு. நவநீதன் மட்டும் சிரிக்கவில்லை. பெட்டிகளின் பட்டியல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது. அங்கே டெபியனும் நல்லாயிருந்தது, யூபிஎஸ்ஸும் நல்லாயிருந்தது. அம்பரீன் பப்பிக்குப் பிரிண்டரைப் பழக்கி, அதைப் பென்டிரைவிலேயே சேமித்தாள். இரண்டே காலுக்கு முதல் லேபிள் வெளியே வந்தது.

மூன்றரைக்கு எழுநூற்றுச் சொச்சம் முடிந்திருந்தது. கலீமுல்லா வாசலில் வந்து நின்றார். "இழுக்கவா மா?"

அம்பரீன் பென்டிரைவை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டாள். "இழுங்க பாய்" என்றாள்.

இருட்டு. அரை மணி நேரம் போல நீண்ட ஆறு நிமிஷம். கரண்ட் வந்தது. ஹாலில் எல்லார் காதும் அந்த ஸ்பீக்கரிடம் இருந்தது.

வவ், வவ்.

கண்ணம்மாள் கைதட்டினாள். விட்ட இடத்திலிருந்து லேபிள் தொடர்ந்தது. நாலே முக்காலுக்குக் கன்டெய்னர் கேட்டைத் தாண்டியது. நவநீதன் அப்போதுதான் சிரித்தார், அதுவும் அளவாக. ஆனால் அடுத்த வேலை பற்றி வாயே திறக்கவில்லை. தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டவளுக்கு எந்த மேனேஜர் சிபாரிசு செய்வார் என்று எண்ணியபடி அம்பரீன் வீடு போய்ச் சேர்ந்தாள்.

பத்து நாள் கழித்து, குறுகிய படியில் மூச்சு வாங்க ஒருவர் ஏறி வந்தார். மாதனூர்ப் பக்கம் ஒரு கம்பெனியின் எலக்ட்ரீஷியன், பெயர் இருதயராஜ்.

"எங்க ஓனரு கம்ப்யூட்டர் ஆள் தேடறாரு. கலீம் பாய் உங்களத்தான் கூப்பிடணும்னு சொல்லிட்டாரு. கரண்ட்டு போனா எங்க மேல பழி போடாத ஒரே ஆளு நீங்கதானாமே?"

அம்பரீனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இன்றைக்கு அவள் கையில் ஏழு கம்பெனிகள். அதில் ஐந்து எலக்ட்ரீஷியன்கள் சொல்லி வந்தவை. எங்கே போனாலும் முதலில் மேனேஜர் அறைக்குப் போகமாட்டாள்.

"யாரு தொடுவாங்க, இன்னா வேலைன்னு அப்புறம் கேக்கறேன்" என்பாள். "மொதல்ல, மெயினை இழுக்கறவர் யாரு? அவரைக் கூப்பிடுங்க."