மூன்றாவது கிளை வரை

சருலி போராவை உட்கார வைக்க இந்த மலையில் யாராலும் முடிந்ததில்லை. கல்யாணத்தன்றே மணையிலிருந்து மூன்று தடவை எழுந்தவள் என்று அவள் மாமியார் இன்னும் சொல்லிக் காட்டுவாள். எங்கள் அங்கன்வாடியில் அவள் டீச்சர், பிள்ளைகளுக்குத் தீதி, அதாவது அக்கா; நான் சமையல். ஒன்பது பிள்ளைகளுக்கு நான் கிச்சடி கிண்டி இறக்குவதற்குள் வாசலுக்கும் சன்னலுக்குமாக இருபது நடை நடந்திருப்பாள். பார்க்கிற எனக்குத்தான் கால் வலிக்கும்.

செடிகொடிப் பாடம் நடத்தச் சொல்லிப் பட அட்டைகள் வந்தன. தென்னை, வாழை, தாமரை.

"இந்தத் தென்னைய இங்க யாரு அண்ணி பாத்திருக்கா? நானே பாத்ததில்ல" என்று அட்டைகளை என் அடுப்படியில் போட்டுவிட்டு, பிள்ளைகளைப் பாஞ்சு மரத்தடிக்கு ஓட்டிக்கொண்டு போனாள். இந்த இமயமலைச் சரிவின் ஓக் மரம் அது; பனிக்காலத்தில் புல் கருகிவிட்டால் எங்கள் எருமைகளுக்கு அந்த மரத்து இலைதான் சோறு. ஒரு பிள்ளை மரமாக நிற்கும், ஒன்று எருமையாக வந்து மரத்தின் காதைக் கடிக்கும்.

"எல இல்லேன்னா?" என்பாள் சருலி.

"எரும இல்ல!"

"எரும இல்லேன்னா?"

"டீ இல்ல!"

அதன் காயைக் கரடி தின்பதும், அதன் வேர் மழைத்தண்ணீரைப் பிடித்து வைப்பதால்தான் கீழே ஊற்று வற்றாமல் இருப்பதும் பிள்ளைகளுக்கு ஆடி ஆடியே மனப்பாடம் ஆகிவிட்டது.

நீமா மட்டும் எந்த ஆட்டத்துக்கும் வர மாட்டாள். ஐந்து வயது. போன மார்கழியில் அவள் அம்மா இலை வெட்ட ஏறி, பனி வழுக்கி, பாஞ்சு மரத்திலிருந்துதான் விழுந்து செத்தாள். எங்களுக்கு இது புதிதில்லை. ஒருத்தி விழுவாள், அழுவோம், மறுநாள் மற்றவர்கள் ஏறுவோம். எருமைக்குத் துக்கம் தெரியாது.

"மரத்த வெறுத்துக்கிட்டே இந்தப் புள்ள வளரக் கூடாது அண்ணி" என்று சருலி என்னை நச்சரித்தாள். "அப்புறம் இந்த மலைல எப்படி வாழ்வா?"

மாசியில் ஆளுக்கொரு பாஞ்சு விதையைப் பால் கவரில் ஊன்ற வைத்தாள். கார்த்திகையில் ஒவ்வொன்றும் சாண் உயரம் நின்றது. ஒரு நாள் காலையில் பார்த்தால் ஒன்பதும் வேரோடு பிடுங்கி, படியில் வரிசையாகக் கிடந்தன. நான் குரங்குகளை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினேன். அப்புறம்தான் நீமாவின் நகக்கண்ணில் மண்ணைப் பார்த்தேன்.

"ஏண்டி இப்படிப் பண்ணே?" என்று கேட்டேன்.

அவள் அழவில்லை. "பெருசானா யாராச்சும் ஏறுவாங்கல்ல?"

எனக்கு வெட்கமாக இருந்தது. சருலி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"நீ ஏறுவியா தீதி?"

"நானா? ம்ஹூம், ஏற மாட்டேன்."

சன்னல் கட்டையில் அவளுடைய அரிவாள், கயிறு சுற்றியபடி, மூன்று மணிக்கு இலை வெட்டப் போகத் தயாராகக் கிடந்தது. நீமா அதைப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா?

மறுநாள் நீமா வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. சருலி பாட்டைப் பாதியில் விட்டாள், நான் உப்புப் போட்ட கிச்சடிக்கு இன்னொரு தடவை உப்புப் போட்டாள், பாதை திரும்பும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் என்னையும் இழுத்துக்கொண்டு நீமா வீட்டுக்குப் போனாள். நீமா வைக்கோலுக்குப் பின்னால் இருந்தாள்.

"பொய் சொல்லிட்டேன் நீமா. தினமும் ஏறுறேன். ஏறலேன்னா எரும பட்டினி."

"எதுவரைக்கும்?"

"எல இருக்கிற வரைக்கும்."

"நுனி வரைக்குமா?"

"ம்."

பிள்ளை வெகுநேரம் வைக்கோலைப் பிய்த்தது. "நானும் வருவேன். போதும்னா எறங்கணும்."

"சரி."

"சத்தியமா?"

சருலி தன் தொண்டையைத் தொட்டுச் சத்தியம் செய்தாள்.

அன்று மூன்று மணிக்கு இரண்டாவது கிளையிலேயே "போதும்!" வந்துவிட்டது. வெட்டிய கட்டு விளக்குமாறு அளவுதான் இருந்தது. "எருமைக்குக் கொண்டாந்தியா, எலிக்குக் கொண்டாந்தியா?" என்றாள் மாமியார். சருலி அதையே உதறி எருமைக்குப் போட்டாள். பத்து நாள் கழித்து நீமா மூன்றாவது கிளை வரை விட்டாள், அதற்கு மேல் இல்லை. உறைபனி படிந்த நாளில் முதல் கிளைக்கும் விடவில்லை.

பிள்ளைகளுக்கு இது புது ஆட்டமாகப் போயிற்று. தை பிறப்பதற்குள் மற்ற எட்டும் அவரவர் அம்மாவின் மரத்தடியில் நின்றன. மூன்று மணி ஆனால் சரிவு முழுக்க "போதும்! போதும்!" என்று ஒரே கூச்சல். ஊரில் பால் குறைந்தது. அங்கன்வாடியில் நானும் சருலியும் வெறும் டீதான் குடித்தோம், வெல்லத்தைக் கடித்துக்கொண்டு. எரிச்சலாகத்தான் இருந்தது. சொல்லிக்கொள்ளவில்லை.

என் மரத்தடியில் நிற்க யாரும் இல்லை. மகன்கள் டில்லியில் ஓட்டலில் வேலை பார்க்கிறார்கள். அதனால் நான் இஷ்டத்துக்கு ஏறினேன். நேற்று ஐந்தாவது கிளைக்குக் காலைத் தூக்கினேன்.

"போதும் பெரியம்மா!"

கீழே நீமா. சருலியை இறக்கிவிட்டு ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்குகிறது.

"போடி, உன் வேலையப் பாரு!" என்றேன்.

அவள் போகவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நான் மெதுவாக இறங்கினேன். அவளுடைய சட்டைப் பை புடைத்திருந்தது. உள்ளே பாஞ்சு விதைகள்.

"எதுக்குடி இது?"

"வயல் ஓரமா ஊன. ஆள் ஒசரத்துக்கு மேல விடாம வெட்டிக்கிட்டே இருந்தா, தரைல நின்னே எல பறிக்கலாமாம். தீதி சொன்னாங்க." என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டாள். "உங்க வயல்லயும் ஊனட்டுமா?"

ஊனச் சொன்னேன். அரிவாளில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு அவளோடு வயலுக்கு நடந்தேன்.