சேர்ந்திசையில் ஒரு கிரேன் ஆபரேட்டர்

சேர்ந்து பாடுவதில் ஒரு வசதி உண்டு, கும்பலோடு கும்பலாகத் தப்பு செய்தால் யார் செய்தது என்று தெரியாது என்பார்கள். நம்பாதீர்கள். கூடம் நிறைய ஆள் நின்று பாடினாலும், தப்பு உங்களுடையது என்றால் அது உங்கள் விலாசத்தோடுதான் வெளியே வரும்.

நான் நிலக்கரிச் சுரங்கப் பணிமனையில் கிரேன் ஓட்டுகிறவன். கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன் அது. மேலே கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, கீழே நிற்கிற ஆள் கையால் காட்டுகிற சிக்னலைப் பார்த்துப் பாரத்தை ஏற்றுவதும் இறக்குவதும்தான் வேலை. அப்படிப்பட்டவன் ஒரு கல்லூரியின் சேர்ந்திசைக் குழுவில் சேர்ந்து பட்ட பாட்டை எழுதுகிறேன். நாற்பதைத் தாண்டியபின் பிள்ளைகளுக்கு நடுவில் போய் நீச்சலோ, கம்ப்யூட்டரோ, இங்கிலீஷோ கற்றுக்கொள்ளக் கிளம்பிய என் சக பாவிகள் படித்துக் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

எதற்குச் சேர்ந்தேன்

என் மகள் ஹரிணி எங்கள் சுரங்க டவுன்ஷிப்பை ஒட்டியிருக்கிற பல்கலைக்கழகக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். நன்றாகப் பாடுவாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதிர் குவார்ட்டர்ஸ் அம்மா சொல்கிறார். காய்கறிக் கடையில் பார்த்த அவளுடைய டீச்சர் சொல்கிறார். நான்தான் கேட்டதில்லை. வீட்டில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு, ஃபேனை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு பாடுவாள். நான் கதவுப் பக்கம் போனால் பாட்டு நின்றுவிடும். சின்னதில் என் தோளில் உட்கார்ந்து பிளாக் முழுக்கக் கேட்கப் பாடிய பெண். எந்த வருடத்தில் கதவைச் சாத்த ஆரம்பித்தாள் என்று எனக்கு ஞாபகமில்லை. அப்போது ஷிப்டில் இருந்திருப்பேன்.

அவள் பாடுகிற கல்லூரிப் பாட்டுக் குழுவில் ஆண் குரல் போதவில்லையாம். ஊர்க்காரர்களும் சேரலாம் என்று அறிவித்திருந்தார்கள். அதைப் படித்துச் சொன்னது என் மனைவி செல்வி. பண்ருட்டிப் பக்கத்துக்காரி. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாச்சுளை எடுத்தபடியே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்: “அது கதவ சாத்திக்கினு பாடுது. நீங்க வெளிய நின்னுகினு காத வச்சிக்கினு இருக்கீங்க. பேசாம போயி அந்தக் கும்பல்ல நின்னுடுங்க, அங்க எந்தக் கதவ சாத்துதுன்னு பாக்கலாம்.”

நிபந்தனை

கிண்டலை உத்தரவாக எடுத்துக்கொள்வது என் பழைய வியாதி. பெயர் கொடுத்துவிட்டு வந்து, ராத்திரிச் சாப்பாட்டின்போது ஹரிணியிடம் சொன்னேன். அவள் தோசையைப் பிய்த்தபடியே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. அம்மாவை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. “காலேஜ்லயாப்பா? என் காலேஜ்லயா?” என்று இரண்டு முறை கேட்டாள். நான் ஏதோ ஹாஸ்டலுக்குக் குடிவருகிறேன் என்று சொன்னதுபோல் இருந்தது அவள் முகம்.

மறுநாள் காலையில் அவளே வந்து பேசினாள். ராத்திரி முழுக்க யோசித்திருக்கிறாள் என்பது கண்ணிலேயே தெரிந்தது. “சேரு, வேணாம்னு சொல்லல. ஆனா அங்க நான் யாரோ, நீ யாரோ. எல்லாரும் எப்படிக் கூப்பிடறாங்களோ அப்படித்தான் நானும் அங்கிள்னு கூப்பிடுவேன், நீ திரும்பிப் பாத்தா போதும்.”

குரல் பார்த்தல்

பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர் எஸ்தர் மேடம். முதல் நாள் கீபோர்டு முன்னால் என்னை நிற்க வைத்து, ஒரு கட்டையை அழுத்தி, அந்தச் சத்தத்துக்கு ‘ஆ’ சொல்லச் சொன்னார். சொன்னேன். நாள் முழுக்க இரும்புச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசுகிறவனின் ‘ஆ’ எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. சன்னலில் உட்கார்ந்திருந்த காக்கை எழுந்து போயிற்று.

மேடத்தின் விரல் கீபோர்டில் இடது பக்கம் நகர்ந்தது. இன்னும் நகர்ந்தது. பிள்ளைகள் மரியாதையாக ஆளுக்கொரு செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். பின்வரிசையில் ஹரிணி தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். எனக்குக் காது நுனிவரை சுட்டது. குரல் தேர்வில் நின்றவர்களுக்குத்தான் தெரியும், அந்த நேரத்தில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியாது. நான் பாக்கெட்டில் வைத்தேன், எடுத்தேன், பின்னால் கட்டினேன். மேடம் கனிவாகச் சொன்னார்: “சார், உங்க குரல் எங்க இருக்குன்னுதான் தேடிட்டு இருக்கேன். கொஞ்சம் அசையாம நில்லுங்க.”

கை காட்டினால்

தேடியதில் அடித்தொண்டை என்று தெரிந்தது. அதற்கு பேஸ் என்று பெயர். பேஸ் வரிசையில் கடைசியில் நிறுத்தினார்கள். பாட்டு மழையைப் பற்றியது, மேடமே மெட்டுப் போட்டது. மேடம் முன்னால் நின்று கை காட்டுவார், அதைப் பார்த்துப் பாட வேண்டும். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கையைப் பார்த்து வேலை செய்வதுதானே நம் பிழைப்பு, இதில் நம்மை மிஞ்ச ஆள் ஏது என்று மார்பை நிமிர்த்திக்கொண்டேன்.

பாதிப் பாட்டில் மேடம் உள்ளங்கையை மெல்ல மேலே தூக்கினார். பணிமனையில் கை மேலே போனால் பாரம் மேலே போக வேண்டும். நான் ஸ்வரத்தைத் தூக்கினேன். மேடம் கண்ணை விரித்து, மற்றவர்களைப் பார்த்து இன்னும் வேகமாகக் கையைத் தூக்கினார். நானும் விடவில்லை. கழுத்து நரம்பு புடைக்க ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில் பெண்கள் பாடுகிற உயரத்துக்குப் போய், அங்கே என் குரல் உடைந்தது. கூடமே நின்று என்னைப் பார்த்தது. எங்கள் பணிமனை வழக்கத்தை விளக்கினேன். விளக்க விளக்க இன்னும் அசிங்கமாகப் போயிற்று. மேடம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: “நான் சத்தத்தத்தான் கூட்டச் சொன்னேன் சார். நீங்க பாட்டையே மாடிக்குத் தூக்கிட்டுப் போயிட்டீங்க.”

அடியில் ஒரு ஸ்வரம்

அந்தப் பாட்டில் ஓர் இடத்தில் எல்லோரும் நிறுத்திவிட, ஒரு பெண் மட்டும் தனியாகப் பாட வேண்டும். ஹரிணியைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முதல் ஒத்திகையில் அவள் வாயைத் திறந்தாள். நான் என்ன எழுத? இத்தனை வருடம் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது இதுதானா? கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பேஸ் பையன் பிரவீன் “என்ன அங்கிள்?” என்றான். நிலக்கரித் தூசி என்றேன். ஏ.சி. போட்ட கூடத்தில் ஏது தூசி. அவன் ஒரு மாதிரி பார்த்தான்.

அவள் பாடும் நேரம் முழுக்க பேஸ் குரல்கள் மட்டும் அடியில் ஒரே ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதைத் தரையாக வைத்துத்தான் மேலே பாடுகிறவர் தைரியமாக நடக்க முடியும் என்றார் மேடம். மாற்றாமல் ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்பது ஒன்றுதான் எனக்கு வந்தது. அங்கிள் என்று கூப்பிடுகிற என் மகளுக்கு அந்தக் கூடத்தில் என்னால் ஆகக்கூடிய உதவியும் அது ஒன்றுதான். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வண்டியிலேயே அந்த ஸ்வரத்தைப் பிடித்துப் பழகினேன். ஒருநாள் மேடம் மற்ற பேஸ் பையன்களிடம் சொன்னார்: “உங்களுக்குச் சந்தேகம் வந்தா அங்கிளக் கேட்டுக்கிட்டே பாடுங்க. அவர் பிடிச்சிருக்கிற வரைக்கும் நீங்களும் விடாதீங்க.”

கேன்டீன் வாசலில்

அந்தப் பெருமை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஒத்திகை முடிந்து, கேன்டீன் பக்கவாட்டுக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பிரவீன் என்னைப்போல நடித்துக் காட்டுகிறான் என்பது சிரிப்பிலேயே தெரிந்தது. எட்டிப் பார்த்திருக்கக் கூடாது, பார்த்தேன். காலை அகட்டி, மேடத்தின் கையை முறைத்துக்கொண்டு நிற்கிற என்னை அப்படியே செய்தான். நல்ல பையன்தான், விஷமம் கிடையாது. எனக்கே சிரிப்பு வந்தது.

சிரித்தவர்களில் ஹரிணியும் இருந்தாள். அதுவரைக்கும் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் அவள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். பிரவீனை ஒதுக்கிவிட்டு அவளே நின்று காட்டினாள். வீட்டில் தினம் பார்க்கிறவள் அல்லவா, அவனைவிட நன்றாகவே வந்தது. குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு, பின்பக்கமாகப் போய் வண்டியை எடுத்தேன். கேட் வரைக்கும் அந்தக் குரல் கூடவே வந்தது: “அப்படி இல்லடா. அங்கிள் மூச்சு இழுக்கறப்ப தோள இப்படித் தூக்கிக்குவாரு.”

மந்தாரக்குப்பத்தில் ஒரு டீ

கல்லூரி விழாவில் அந்தப் பாட்டைப் பாட எல்லோருக்கும் மெரூன் சட்டை என்று முடிவானது. துணி எடுக்க ஹரிணியும் நானும் மந்தாரக்குப்பம் போனோம். கேன்டீன் நாளிலிருந்தே அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டிருந்தேன். டீக்கடையில் காஜா பாய் எதிரே வந்தார். மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். பணிமனையில் கீழே நின்று எனக்குச் சிக்னல் காட்டுகிறவர் அவர்தான். நாள் முழுக்க நான் பார்த்துக்கொண்டிருப்பது அவர் கையைத்தான். “சாயங்காலமானா ஆள புடிக்க முடியலியே, எங்கதான் போறீங்க?” என்றார்.

பணிமனையில் பாட்டு என்றால் ஆயுத பூஜைக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது. நான் மெரூன் சட்டை போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு ‘ஆ’ சொல்லுகிறேன் என்று தெரிந்தால் ரிட்டையர் ஆகும்வரை விடமாட்டார்கள். “வாக்கிங்” என்றேன். பையில் எட்டிப் பார்த்தது துணி. “பொண்ணு பாடறா, அதுக்கு எடுத்தோம்” என்றேன். பாய்க்குக் கொள்ளாத சந்தோஷம், வீட்டோடு விழாவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எங்கள் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார். ஹரிணி வண்டியில் ஏறியபின்தான் வாயைத் திறந்தாள். “அங்க உன்ன யாருன்னு நான் சொல்றதில்ல, சரி. இங்க நீயே சொல்ல மாட்டேங்கற. அப்புறம் ஒரு வாரமா என்கிட்ட மட்டும் எதுக்குப்பா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?”

மேடை

விழா அன்று மைதானத்தில் பந்தல். சட்டை வயிற்றுப் பக்கம் கொஞ்சம் பிடித்தது. செல்வி முன்பக்கம் எங்கோ உட்கார்ந்திருந்தாள். காஜா பாய் கண்ணில் படாமல், பிரவீன் முதுகுக்குப் பின்னால் முடிந்த அளவு மறைந்துகொண்டு நின்றேன். பாட்டு நன்றாகவே போயிற்று. ஹரிணியின் இடம் வந்தது. எல்லாக் குரலும் நின்றது, நாங்கள் அடியில் பிடித்தோம், அவள் ஆரம்பித்தாள்.

அப்போதுதான் மூன்றாவது வரிசையில் காஜா பாய் என்னைக் கண்டுபிடித்தார். பாதி எழுந்து, கையை உயர நீட்டி, இப்படியும் அப்படியும் வீசினார். எங்கள் வேலையில் அதற்கு ஒரே அர்த்தம்தான், நிறுத்து. யார் காட்டினாலும், எந்த வேலையின் நடுவிலும், அந்தக் கணமே நிறுத்த வேண்டும். நிறுத்தினேன். என்னைக் கேட்டுப் பாடிக்கொண்டிருந்த பேஸ் முழுக்க நின்றது. பந்தலில் ஹரிணியின் குரல் மட்டும் அந்தரத்தில் தொங்கியது. ஒரு சொல் நடுங்கியது, அடுத்த வரி சுருதி விலகியது, மூன்றாவதில் தட்டுத்தடுமாறிப் பிடித்து முடித்தாள். கை தட்டினார்கள். எனக்கு அந்தச் சத்தம் கேட்கவே பிடிக்கவில்லை.

மேடைக்குப் பின்னால் மேடம், “பேஸ் ஏன் நின்னுச்சு?” என்றார். பிரவீன் என்னைப் பார்த்தான். நானே முன்னால் போய், கிரேனில் யார் கை வீசினாலும் நிறுத்துவதுதான் சட்டம், கைப்பழக்கம் என்று ஆரம்பித்தேன். பாதி பொய். உங்களிடம் சொல்வதற்கென்ன, பாயைப் பார்த்ததும் வாக்கிங் என்று சொன்னது ஞாபகம் வந்து, வெட்கத்தில் வாய் தானாக மூடிக்கொண்டது. சட்டம் அப்புறம் கிடைத்த சாக்கு.

ஹரிணி எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்தாள். கண் மை கன்னத்தில் இறங்கியிருந்தது. “அப்பா, காஜா மாமா உன்ன நிறுத்தச் சொல்லல. உன்ன அங்க பாத்த சந்தோஷத்துல கை ஆட்டுனாரு. அதுகூடவாப்பா உனக்குத் தெரியல?” என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினாள். கத்தி முடித்தபிறகுதான் என்ன சொல்லிக் கூப்பிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது.  பிரவீன் முகம் வெளுத்துப்போய், “அப்பாவா?” என்றான். ஹரிணி என் பக்கம் திரும்பாமல், புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “எங்கப்பாதான். பின்ன வேற யாரு இப்படிப் பண்ணுவாங்க?”

இத்தனை மாதம் வாயைத் திறந்து நான் சம்பாதித்தது இந்த ஒரு திட்டுதான், அடுத்த ஒத்திகைக்கு எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை, ஆனாலும் போகிறேன்.