அற்புத மருந்து என்று எழுதியவன்

கதைப்பதற்குச் சம்பளம் தரும் உத்தியோகத்தில் வாயடைத்துப்போகிற இடங்கள்தான் அதிகம். விளம்பரம், மக்கள் தொடர்பு என்று வெயிலில் அலைந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

நேர்முகம்

எழுபதுகளின் தொடக்கம். பட்டம் வாங்கி மூன்று வருசமாக வேலையில்லை. பூச்சிமருந்து விற்கும் கம்பனியொன்று 'மக்கள் தொடர்பு அலுவலர் தேவை' என்று பேப்பரில் போட்டிருந்தது. யாழ்ப்பாணம் ரவுனிலிருந்த அலுவலகத்துக்குப் போனால், அந்த ஒரு வேலைக்குப் படிக்கட்டுவரை ஆட்கள். அதில் இரண்டு பேர் எனக்குப் படிப்பித்த ஆசிரியர்கள்!

மனேச்சர் என் சான்றிதழ்களைத் திறக்கவேயில்லை. வெயிலில் சைக்கிள் ஓடுவேனோ என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். "அப்ப நாளைக்கே வாரும். போகேக்கை வெளியிலை நிக்கிற வாத்திமாரை வீட்டை போகச் சொல்லும்."

கோப்பாய்ச் சம்பந்தம்

வேலை கிடைத்ததும் மாமா எனக்குக் கோப்பாயில் பெண் பார்த்தார். பெண்ணின் தகப்பன் ஓய்வுபெற்ற தபால் அதிபர். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டார். மக்கள் தொடர்பு என்றால் என்னவென்று அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு மாமாவின் பக்கம் திரும்பினார்.

"தம்பி நல்லாக் கதைக்கிறார். உத்தியோகம் ஒண்டு கிடைச்சாப்பிறகு கூட்டிக்கொண்டு வாருங்கோ."

தங்கம்மா அக்கா

கம்பனியின் துண்டுப்பிரசுரத்தை எழுதியது நான்தான். 'பூச்சிகளை அடியோடு அழிக்கும் அற்புத மருந்து. வீட்டுக்கு வீடு இருக்கவேண்டியது.' உரும்பிராயில் மிளகாய்த் தோட்டக்காரர் எல்லாருக்கும் கொடுத்தேன். அவர்களில் ஒருவரான கந்தையா அண்ணையின் மனைவி தங்கம்மா அக்கா அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, எனக்குத் தேத்தண்ணியும் தந்தா.

பத்து நாள் கழித்துப் போனபோது வீடு பூட்டிக்கிடந்தது. பக்கத்து வளவுக்காரர் நடந்ததைச் சொன்னார். பேன் கடி தாங்காமல் அக்கா, தோட்டத்துக்கு வாங்கி வைத்திருந்த அந்த மருந்தைத் தலையில் தேய்த்துவிட்டாவாம். வாயில் நுரை தள்ள, தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

சைக்கிளை உழக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மொட்டைத் தலையோடு கட்டிலில் கிடந்தா. உயிருக்கு இனிப் பயமில்லை என்றார் தாதி. ஏசப்போகிறா என்று குனிந்து நின்றேன். அக்கா மெதுவாகக் கேட்டா: "மருந்து எண்டுதானே தம்பி எழுதியிருந்தது? நான் பிழையாய் வாசிச்சுப்போட்டனோ?"

ஒரு சொல்

அடுத்த பிரசுரத்தில் 'மருந்து' என்ற சொல்லை வெட்டி, 'நஞ்சு' என்று எழுதிக் கொண்டுபோனேன். மனேச்சர் பேனையை மூடி வைத்தார்.

"நஞ்சு எண்டு போட்டு ஆர் விப்பான், ஐசே? உமக்கு இந்த வேலை சரிவராது. நாளைக்கு வரவேண்டாம்."

அடுப்படி

மறுநாள் தொடங்கி ஏழு நாள், ஒரு கிழமை முழுக்க, உரும்பிராயில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். 'அது நஞ்சு. கையில் படக்கூடாது, குசினிக்குள் வைக்கக்கூடாது.' சொன்னது அவ்வளவுதான். ஒரு வீட்டில் கிழவரொருவர் நான் சொல்லி முடிக்க முதலே உள்ளே ஓடினார். அடுப்படித் தட்டில், உப்புப் போத்தலோடு ஒட்டியபடி இருந்தது எங்கள் போத்தல். அதை ஒரு துணியால் பிடித்துத் தூக்கி வெளியே கொண்டுவந்து வைத்தார்.

"தம்பி, இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

என் தொழிலை நான் ஒழுங்காகச் செய்தது அந்த ஒரு கிழமைதான், அப்போது எனக்கு வேலை இருக்கவில்லை.