பூஜ்யம் போட்ட வாரம்

கொரோனா நாட்களில், எந்த நாட்டில் எத்தனை பேருக்குத் தொற்று என்று டிவியில் வரிசைப்படுத்திக் காட்டும்போது எனக்கு இருப்புக் கொள்ளாது. "பாத்தியாப்பா, அங்க எவ்ளோ, நம்மகிட்ட எவ்ளோ கம்மி!" என்பான் மகன். எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். யார் எண்ணினார்கள் என்று கேட்க வாய் துடிக்கும். கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

1991இல் ஒரகடம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புள்ளிவிவரம் எழுதுவது என் வேலை. கம்பெனிகள் வராத காலம், ஏரியும் வயலும்தான். அந்த வருஷம் தென்னமெரிக்காவில் காலரா. பெரு நாட்டுக் கணக்கைப் பேப்பரில் படித்துவிட்டு எங்கள் டாக்டர், "நாம எவ்வளவோ தேவலை" என்றார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

மழை விட்டதும் எங்கள் பக்கமும் வாந்திபேதி வந்தது. ஊர் ஊராக நர்சுகள் அனுப்பிய எண்ணிக்கையை வைத்து, சார்ட் பேப்பரில் ஊருக்கு ஒன்றாக, எண்ணிக்கைக்கு ஏற்ற உயரத்தில் கட்டம் போட்டு, சிவப்பு மையால் நிரப்பி மாட்டினேன். ஓர் ஊரின் கட்டம் மட்டும் பனைமரம் போல நின்றது. பக்கத்து ஊருக்குப் பூஜ்யம்.

வாரக் கூட்டத்தில் டாக்டர் அந்த உயர்ந்த கட்டத்தை ஸ்கேலால் தட்டினார். அந்த ஊர் நர்சம்மா எழுந்து நின்றார். கணவர் இல்லாதவர். ஒரே பெண், அந்த ஊர்ப் பள்ளியில் பத்தாவது படித்தாள்.

"இன்னும் ஒரு வாரம் இப்படியே இருந்தா உங்கள வேற இடத்துக்கு மாத்தச் சொல்லி எழுதிடுவேன்" என்றார் டாக்டர். பூஜ்யம் போட்ட நர்சுக்குக் கைதட்டல். நானும் தட்டினேன்.

தட்டினேனே தவிர மனசு ஒரு நிலையில் இல்லை. இரண்டு ஊர்க் கிணறுகளுக்கும் ஒரே ஏரியின் ஊற்று. இங்கே இவ்வளவு, அங்கே ஒன்றுமே இல்லையா? நாலு நாள் மென்று விழுங்கிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு பூஜ்யம் ஊருக்குப் போனேன். கிணற்றடியில் நின்ற பெண்ணிடம் கேட்டேன்.

"வாந்திபேதியா? எங்க தெருவுல வூட்டுக்கு வூடு கீது சார். எங்க மாமியா போன வாரம்தான் போய்ச் சேந்தாங்க."

"நர்சம்மாகிட்ட சொல்லலையா?"

"அவங்க எங்க சார் இங்க வராங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உயர்ந்த கட்டத்து ஊரில் நோய் மற்ற ஊர்களைவிட அதிகமில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்க அங்கே ஓர் ஆள் இருந்தார், அவ்வளவுதான். மெனக்கெட்டவருக்கு அவமானம், எட்டிப் பார்க்காதவருக்குக் கைதட்டல். அதற்குக் கட்டம் போட்டுக் கொடுத்த மடையன் நான். வந்த கோபத்தில் சைக்கிளை மிதித்து நேரே, கூட்டத்தில் திட்டு வாங்கிய நர்சம்மாவிடம் போனேன்.

"சிஸ்டர், தப்பு என்னுது. டாக்டர்கிட்ட நானே சொல்றேன். நீங்க உள்ளத அப்படியே எழுதுங்க."

உப்பு சர்க்கரைப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "இந்த வாரத்துது காலையிலயே அனுப்பிட்டேன் சார். பூஜ்யம்."

"யாருக்குமே இல்லையா?"

"இப்பதான் ஒரு தெரு முழுக்கப் பொட்டலம் குடுத்துட்டு வந்து உக்காந்துகினு இருக்கேன். பொண்ணு பரீட்ச எழுதற வரைக்கும் வுட்டுடுங்க சார்."

டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். பொய்க் கணக்கு என்று அந்த அம்மாவுக்கு வேலையே போகும் என்று பயந்தேன். என் சார்ட்டின் லட்சணம் சந்தி சிரிக்கும் என்றும் பயந்தேன். எது பெரிய பயம் என்று இன்றுவரை எனக்குள் வழக்கு நடக்கிறது. பேசாமல் பூஜ்யத்தை ஏற்றினேன்.

கூட்டத்தில் டாக்டருக்கு ஏக சந்தோஷம். அந்த ஊர்க் கிணறுகளில் போட ஜீப்பில் ஏற்றி வைத்திருந்த பிளீச்சிங் பவுடர் மூட்டையை, இனி தேவையில்லை என்று இறக்கச் சொன்னார். ஒரு முனையை டிரைவர் பிடித்தார். மறுமுனையை நான் பிடித்தேன்.