வரிசையில் நின்ற கட்டைப்பை

போன வருடம் ஏப்ரல் கடைசியில், தென்கொரியாவின் சியோல் நகரத்தில், ராஜா காலத்து அரண்மனை ஒன்றில் நடந்தது இது. என் மகன் அந்த நாட்டில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருக்கிறான். என்னையும் என் கணவரையும் வரவழைத்துப் பதினைந்து நாள் வைத்திருந்தான். அன்று மாலை எங்களுக்கு ஊர் திரும்ப விமானம்.

எனக்குப் பொதுவாகவே ஓரிடத்தில் கால் நிற்காது. ஊருக்குக் கிளம்பும் நாளென்றால் கேட்கவே வேண்டாம். பச்சையும் சிவப்புமாகத் தீட்டியிருந்த அரண்மனைக் கூரையை எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் நிமிடத்துக்கு ஒரு தரம் மகனிடம் மணி கேட்டேன்.

“யம்மா, ராஜா வூட்டுக்கு வந்தும் பஸ்சுக்கு நிக்கிற மாதிரியே கீறியே” என்றான்.

அரண்மனைக்குப் பின்னால், அந்தக் காலத்தில் ராஜ குடும்பம் உலாவிய பெரிய தோட்டம் இருக்கிறது. அதற்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். ஒரு தடவைக்குக் கொஞ்சம் பேரைத்தான் விடுவார்கள் என்பதால் நீளமான வரிசை. என்னை அதில் நிறுத்திவிட்டு, சர்க்கரை வியாதிக்காரரான என் கணவரை மகன் கழிப்பறைக்கு அழைத்துப் போனான்.

ரொம்ப நேரமாகியும் வரவில்லை. மயக்கம் போட்டு விழுந்துவிட்டாரோ என்று பயந்தேன். சென்னையில், எங்கள் வியாசர்பாடியில் தண்ணீர் லாரிக்கு நிற்கும்போது அவசரம் என்றால் குடத்தை வைத்துவிட்டுப் போய்விடுவோம். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. பின்னால் இருப்பவர்கள் தங்கள் குடத்தோடு அதையும் நகர்த்திக்கொண்டே போவார்கள். அந்தப் பழக்கத்தில், கையிலிருந்த கட்டைப்பையை வரிசையில் வைத்துவிட்டு ஓடினேன்.

அவர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சாவகாசமாக ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

“பை எங்கம்மா?” என்றான் மகன்.

“லைன்ல வச்சினு வந்தேன்டா.”

“அய்யோ, பாஸ்போர்ட்டு அதுலதான கீது!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருடன் ஹேண்ட்பேக்கைத்தான் குறிவைப்பான், துணிக்கடைக் கட்டைப்பையை எவன் தொடுவான் என்று, காலையில் இரண்டு பாஸ்போர்ட்டையும் எலுமிச்சை சாத டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்த புத்திசாலி நானேதான்.

திரும்பி ஓடினேன். நான் நின்ற இடம் காலியாக இருந்தது. வரிசை முன்னால் போயிருந்தது. சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில், வெயில் தொப்பி போட்ட ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், என் பையின் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தாள். பாய்ந்து போய் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன்.

“ஏய், இன்னாமே பண்ற? வைமே என் பைய!”

வரிசை மொத்தமும் திரும்பியது. அவள் பயந்துபோய்ப் பையைக் கீழே வைத்தாள். என் பிடி தளரவில்லை. மகன் மூச்சிரைக்க வந்து என் விரல்களைப் பிரித்துவிட்டு, கொரிய மொழியில் அவளிடம் பேசினான். பேசப் பேச அவன் முகம் தொங்கிப்போனது.

“யம்மா, அவங்க உனுக்குப் பின்னாடி நின்னவங்க. உன் பைய அவங்கதான் நவுத்தினே வந்துகீறாங்க. ஜன்னலாண்ட வந்தப்புறம் சீட்டு வாங்காம, பைய ஓரமா எடுத்து வச்சி, பின்னாடி இருந்தவங்களயெல்லாம் முன்னாடி உட்டுட்டு நின்னாங்களாம்.”

“ஏன்டா?”

“பைக்கு அப்புறம்தான் அவங்க மொறையாம்.”

நல்லவேளை, இன்னும் சில சீட்டுகள் மிச்சம் இருந்தன. எல்லோரும் ஒரே கூட்டமாக உள்ளே போனோம். தோட்டத்தில் தாமரைக் குளம் ஒன்று. அதன் கரையில், இரண்டு தூண்களைத் தண்ணீரில் ஊன்றி நிற்கும் சின்ன மண்டபம். அழகுதான். ஆனால் என்னால் ஒன்றையும் நின்று பார்க்க முடியவில்லை. முன்னால் போன அந்தப் பெண் நடந்துகொண்டே மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொள்வதையே பார்த்தேன். மன்னிப்புக் கேட்கச் சொல்லி மகனை மூன்று தடவை அனுப்பினேன். மூன்று தடவையும் அவள் சிரித்துத் தலையசைத்தாள். நானே போய்க் கை கூப்பினேன். அவளும் குனிந்து வணங்கினாள். அந்தக் கை சிவந்திருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

விமானத்தில் என் கணவர் நன்றாகத் தூங்கினார். எனக்குத் தூக்கம் வரவில்லை. ரயிலில் எந்த ஊர் என்று கேட்டு, வியாசர்பாடி என்றதும் தங்கள் பையை மடிக்கு இழுத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மகன் வேலை தேடிய நாட்களில், ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்லச் சொல்லி அவனுக்குப் புத்தி சொன்னவர்களும் உண்டு. அவர்கள் பேரில் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். ஆனால் கோபம் வரும்போதெல்லாம், ஒரு கேள்விகூடக் கேட்காமல் திருடியைப் பிடிப்பதுபோல அந்தப் பெண்ணின் கையைப் பிடித்த என் கையையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.