இடம் மாறிய இரண்டு கேபிள்

விமானம் பழுதுபார்க்கும் ஹேங்கரில் அவளுக்கு ‘முரட்டு முத்திரை’ என்று பெயர். விமானங்களின் மின்னணுக் கருவிகளைச் சோதித்து, பறக்கலாம் என்று முத்திரை குத்துகிற வேலை; லேசில் குத்திவிட மாட்டாள். வேலைக்குச் சேர்த்துவிட்டவர் அக்கா புருஷன். அங்கே அவர்தான் மேற்பார்வையாளர்.

அன்று அவள் கைக்கு வந்தது, எதிரே விமானம் நெருங்கினால் ‘ஏறு’, ‘இறங்கு’ என்று விமானிக்குக் குரல் கொடுக்கும் மோதல் தடுப்புக் கருவி. ஆள் பற்றாக்குறையில், முந்தின நாள் அதன் ஆன்டெனாவை மாற்றியவர் அத்தானேதான். விமானி அறைக்கு ஏறிச் சோதனைப் பொத்தானை அழுத்தினாள், எல்லாம் சரி என்றது கருவி. மற்றவர்கள் அதோடு இறங்கிவிடுவார்கள். இவள் இன்னொரு விமானம் போலச் சிக்னல் அனுப்பும் பெட்டியை இடப்பக்கம் தரையில் வைத்துவிட்டு, மறுபடி படியேறித் திரையைப் பார்த்தாள். அந்தப் பொய் விமானம் வலப்பக்கம் நின்றது.

அத்தான் மூச்சு வாங்க மேலே வந்தார். ஏறு, இறங்கு சொல்லத் தூரமும் உயரமும் போதும், பக்கம் வெறும் படம்தானே என்று மல்லுக்கு நின்றார். சொன்னது உண்மைதான். அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

“அது கத்தினதும் பைலட் வெளிய எட்டிப் பாப்பாரு. எந்தப் பக்கம் பாப்பாரு?”

அவள் குறைப் பதிவேட்டைத் திறந்தாள். எழுதியதைக் கிழிக்க முடியாது. சரிசெய்தவர் கையெழுத்திடும்வரை விமானம் நகராது.

“சரி, எழுது. கேபிள் தளர்ந்திருந்ததுன்னு எழுதும்மா. அத்தான் கேக்கறேன். ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியிருக்கேன், இன்னொண்ணுன்னா நாற்காலி போயிடும்.”

“அத்தான் வீட்டுல. இங்க நீங்க சார்.”

‘இரண்டு கேபிள்கள் இடம் மாற்றி மாட்டப்பட்டுள்ளன’ என்று குண்டு குண்டாக எழுதினாள்.

விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. மெமோவும் வந்தது. சாயங்காலம் அக்கா ஃபோனில் பொரிந்து தள்ளினாள். கூடப் பிறந்தவளே குழி பறிப்பாளா, ஒரே ஒரு வார்த்தையை மாற்றினால் முத்து உதிர்ந்துவிடுமா?

“தளர்வுன்னு எழுதினா வர்றவன் இறுக்கிட்டுப் போயிடுவான்க்கா. தப்பு தப்பாவே இறுகிக் கிடக்கும்.”

இனி என் முகத்தில் முழிக்காதே என்று அக்கா வைத்துவிட்டாள். இவள் தாளை இழுத்து, அந்த மாதம் அத்தான் ஆன்டெனா மாற்றிய மற்ற இரண்டு விமானங்களையும் உடனே சோதிக்க அனுமதி கேட்டு எழுதத் தொடங்கினாள்.